இடது பக்கக் கோடு

போட்டோவை இப்படி ஜன்னல் பக்கம் கொண்டு வாருங்கள், தம்பி. கண்ணில் புரை எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது. வெளிச்சம் இருந்தால் எல்லாம் தெரியும்.

ஆமாம், இது அந்த வருசத்து டீம்தான். பின்னால் நிற்கிறது வாகைமரம். இப்போது அந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வந்துவிட்டது என்றார்கள். நான் அந்தப் பக்கம் போய்ப் பல வருசம் ஆகிறது. பெயர்கள்தானே வேண்டும்? ஒருத்தர் விடாமல் சொல்லுகிறேன். கல்லூரி மலரில் போடுவது, தப்பு வரக்கூடாது. முப்பத்தாறு வருசத்துக்கு முன்னால் நம் கல்லூரி ஒரே ஒரு தடவை பல்கலைக்கழகக் கால்பந்துக் கோப்பையை எடுத்தது. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நான் அந்த மைதானத்தில் முப்பத்தெட்டு வருசம் மார்க்கராக இருந்தவன். கோடு போடுவது, பந்துக்குக் காற்று அடிப்பது, வலை கட்டுவது, பிய்ந்த பூட்ஸைத் தைப்பது எல்லாம் மார்க்கர் வேலை.

எழுதிக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்...

என்ன? ராயப்பன் பழைய மாணவர் விழா அழைப்பிதழைத் திருப்பி அனுப்பிவிட்டானா?

எங்கே, கடிதத்தைப் படியுங்கள். எனக்குப் பொடி எழுத்து ஓடாது.

"என் கண்ணை எடுத்த மனுசன் ஏறுகிற மேடையில் நான் ஏற மாட்டேன். ஜோதிலிங்கம் சார் வருவதாக இருந்தால் என்னைக் கூப்பிட வேண்டாம். மார்க்கர் அண்ணன் உயிரோடுதான் இருக்கிறார். அவரை மறக்காமல் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வையுங்கள்."

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

சரி. போதும்.

ஜோதிலிங்கம் சார் அப்படி என்னதான் செய்தார் என்று கேட்கிறீர்கள். பழைய மாணவர் சங்கத்தில் யாருக்கும் தெரியாது. கல்லூரிப் பதிவேட்டில் 'மைதானப் பராமரிப்பில் கவனக்குறைவு' என்று ஒரு வரி, 'ராஜினாமா ஏற்கப்பட்டது' என்று ஒரு வரி, அவ்வளவுதான் இருக்கிறது என்கிறீர்கள். நான் சொல்லுகிறேன். நானும் அந்த மனுசர் மேல் கோபமாக இருக்கிறவன்தான். ஆனால் நடுவில் பேசாதீர்கள். நிறுத்தினால் விட்ட இடம் எனக்குக் கிடைக்காது.

அவருக்கு முன்னால் பயிற்சியாளராகத் தங்கையா சார் இருந்தார். பதினெட்டு வருசம் அவரிடம் வேலை பார்த்தேன். "ஏலே மார்க்கர்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் மூன்றாவது மாடியில் பாடம் நின்றுவிடும். அந்த 'ஏலே'யில் ஒரு பாசம் இருக்கும். அவர் காலத்தில் நாம் ஒரு தடவைகூடக் காலிறுதியைத் தாண்டியதில்லை. அது வேறு விசயம். ஆனால் கோடு என்றால் நம் மைதானத்துக் கோடுதான். கற்சுண்ணாம்பை வாங்கி, நீற்றி, இரண்டு நாள் ஆறவிட்டு, சாக்கில் வடிகட்டிப் போடுவேன். நிலா வெளிச்சத்தில்கூடப் பளிச்சென்று தெரியும். வெளியூர் டீம்காரர்கள் பந்தைப் பார்க்கிறதுக்கு முன்னால் கோட்டைப் பார்ப்பார்கள்.

தங்கையா சார் ஓய்வு பெற்றதும் ஜோதிலிங்கம் சார் வந்தார். போத்தனூர்க்காரர். ரயில்வே காலனியில் பந்து விளையாடி வளர்ந்தவர். ஒல்லியான ஆள். விசிலைக் கழுத்தில் மாட்டாமல் சட்டைப் பைக்குள் வைத்திருப்பார். முதல் நாள் என்னைப் பார்த்து, "உங்க பேரு என்னங்க?" என்றார்.

"மார்க்கர் சார்."

"அது வேலைங்க. பேரு?"

"உச்சிமாகாளி" என்றேன்.

"வாங்க மாகாளிண்ணா, ஒரு டீ குடிச்சுட்டு வந்து மைதானத்தப் பாக்கலாம்."

கேலி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். பதினெட்டு வருசத்தில் அந்தக் கல்லூரியில் என்னை யாரும் 'வாங்க' என்று சொன்னதில்லை. என் வீட்டுக்காரி பூரணத்திடம் போய், "புது சார் ஒரு மாதிரி ஆளு. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு நக்கலடிக்கான்" என்றேன். அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "மரியாதை குடுத்தாலும் ஒங்களுக்குப் பொறுக்காது, குடுக்கலன்னாலும் பொறுக்காது" என்றாள்.

அவர் வந்ததும் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். பயிற்சிக்கு முன்னால் பத்து நிமிசம் பையன்கள் எல்லாரும் வெறுங்காலோடு வரிசையாக நின்று, இந்தக் கோலில் இருந்து அந்தக் கோல் வரைக்கும் குனிந்து கல் பொறுக்க வேண்டும். அவரும் பொறுக்குவார். சென்டர் ஃபார்வர்டு துரைப்பாண்டிக்கு வாய் சும்மா இருக்காது. "சார், பந்து விளையாட வந்தமா, பயறு பொறுக்க வந்தமா? எங்க அம்மை பாத்தா நாளைக்கு அரிசியையும் குடுத்து விடுவா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல், "குடுத்து விடச் சொல்லுங்க தம்பி, பொங்கித் தின்னலாம். ஆனா இங்க விழப்போறது நீங்கதானுங்க. கல்லு விழாது" என்றார்.

அந்த வருசம் கேப்டன் ராயப்பன். கடற்கரைப் பையன். பூட்ஸ் போட்டால் கால் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறது என்பான். இடது விங். அவனைப் போலக் கோட்டை ஒட்டி ஓடுகிறவனை நான் பார்த்ததில்லை. பந்து கோட்டுக்கு உள்ளே இருக்கும், அவன் கால் கோட்டுக்கு மேலே இருக்கும். ஆட்டம் முடிந்து வந்தால் இடது காலின் ஓரம் மட்டும் வெள்ளையாக இருக்கும். "அண்ணே, ஒங்க கோடு எங்கூட வீட்டுக்கு வருது" என்று காலைக் காட்டுவான். ஜோதிலிங்கம் சார் அவனை அதிலேயே பழக்கினார். "கோட்ட விடாதீங்க ராயப்பன். உள்ள வந்தா மூணு பேரு இருக்காங்க. கோட்டு மேல போனா நீங்களும் பந்தும் மட்டுந்தான்" என்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. கோட்டை ஒட்டி ஓடு என்று சொன்னது அவர். நான் சொல்லவில்லை.

பிறகு என் சுண்ணாம்பில் கை வைத்தார்.

ஒரு நாள் நான் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து, வாளியில் விரலை விட்டு எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "இது வேண்டாமுங்கண்ணா. பசங்க இதுல விழுவாங்க. முகம் பட்டா என்னாகும்?" என்றார்.

"பதினெட்டு வருசமா யாருக்கும் ஒண்ணும் ஆகல, சார்."

"ஆகாதது நம்ம அதிர்ஷ்டமுங்க. இனிமே சாக் பவுடர்தான். மிச்சம் இருக்கிற சுண்ணாம்புக் கல்லத் தூரக் கொண்டு போய்க் கொட்டிருங்க."

மூன்று மூட்டை சாக் பவுடர் வரவழைத்தார். நான் சுண்ணாம்புக் கல் இருந்த டிரம்மை ஷெட்டுக்குள் பின்னால் தள்ளி, மேலே பழைய வலையைப் போட்டு வைத்தேன். நல்ல சுண்ணாம்பு. யாராவது கொட்டுவார்களா?

சாக் பவுடர் போட்ட கோட்டைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீர் விட்ட பால் மாதிரி இருக்கும். காற்று அடித்தால் பறக்கும், பனி பெய்தால் கரையும். அந்த வருசம் லீக் ஆட்டத்துக்கு வந்த இன்னொரு கல்லூரி மார்க்கர், எனக்குப் பழக்கமான ஆள், கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன வே, கோடு போட்டிருக்கீரா, மைதானத்துக்குத் திருநீறு பூசியிருக்கீரா?" என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஜோதிலிங்கம் சாரும் அங்கேதான் நின்றார். "திருநீறு மாதிரி இருந்தா நல்லதுதானுங்களே. மேல பட்டாலும் கெடுதல் இல்ல" என்றார். அவருக்கு அது பதில். எனக்கு அது பதிலா? அந்த ஆள் சிரித்த சிரிப்பு எனக்குப் பல நாள் காதில் இருந்தது.

ஆனால் டீம் ஜெயித்தது. பொய் சொல்லக்கூடாது. லீக்கில் நாலும் ஜெயித்தோம். காலிறுதியில் மூன்று கோல். அரையிறுதியில் கடைசி நிமிசம் வரைக்கும் சமமாக இருந்து பெனால்டியில் எடுத்தோம். ராயப்பன் இடது பக்கம் பந்தைக் கொண்டு போவான், கார்னர் கொடிக்குப் பக்கத்தில் போய் உள்ளே அடிப்பான், துரைப்பாண்டி தலையைக் கொடுப்பான். எல்லாருக்கும் தெரியும் இதைத்தான் செய்யப் போகிறார்கள் என்று. ஆனாலும் யாராலும் தடுக்க முடியவில்லை. வகுப்புகளைக் கட் அடித்துவிட்டுப் பையன்கள் பயிற்சியைப் பார்க்க வருவார்கள். ஊரில் டீக்கடையில் என்னை நிறுத்தி, "பைனல் எப்ப?" என்று கேட்பார்கள். அதற்கு முன்னால் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

பைனல் நம் மைதானத்தில் என்று முடிவானது. மார்கழி மாதம். ரயில்வே டீமுக்கு ஆள் பார்க்கிறவர் ஒருத்தர் ராயப்பனுக்காகவே வருகிறார் என்று சேதி வந்தது. பையன் என்னிடம் ஷெட்டுக்கு வந்து, "அண்ணே, வேலை கெடச்சுட்டா அப்பாவக் கடலுக்குப் போகாதன்னு சொல்லிருவேன். ஒங்களுக்கு ஒரு வேட்டி எடுத்துத் தாரேன்" என்றான். "முதல்ல ஜெயிச்சுட்டு வாலே" என்றேன்.

அன்றைக்குக் காலையில் ஏழு மணிக்கெல்லாம் கோடு போட்டு முடித்துவிட்டேன். சாக் பவுடர்தான். சார் சொன்னபடி. பத்து மணிக்கு மழை பிடித்தது. பன்னிரண்டு மணி வரைக்கும் விடாமல் பெய்தது. நின்றதும் போய்ப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. மைதானம் முழுக்கப் பால் கரைத்து ஊற்றின மாதிரி இருந்தது. ஆட்டம் மூன்று மணிக்கு. துணைவேந்தர் வருகிறார். பந்தல் போட்டு நாற்காலி போட்டது இடது பக்கக் கோட்டுக்கு நேர் முன்னால்.

சார் ஊருக்குள் டீமோடு இருந்தார். ஆள் அனுப்பினார். "கோடு போனாப் பரவால்ல. மறுபடி சாக் பவுடரே போடுங்க, இடைவேளையில இன்னொரு தடவ போடுங்க. ஓரத்துக்குக் கொடி ஊணிக்கலாம். ரெஃப்ரிகிட்ட நான் பேசிக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கொடி ஊன்றுவதாம். பைனலுக்கு. துணைவேந்தர் முன்னால். எதிர் டீமுக்கு மார்க்கராக வந்திருந்தது யார் தெரியுமா? திருநீறு என்று சொன்ன அதே ஆள்.

டிரம்மை வெளியே இழுத்தேன். கல்லை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கொதித்தது. ஆறவிட இரண்டு நாள் வேண்டும். எனக்கு இருந்தது இரண்டு மணி நேரம். வடிகட்டக்கூட நேரமில்லை. மற்ற பக்கம் எல்லாம் சாக் பவுடரையே போட்டேன். இடது பக்கக் கோட்டுக்கு மட்டும், பந்தலுக்கு முன்னால் இருந்து கார்னர் கொடி வரைக்கும், இதைப் போட்டேன். ஒரே ஒரு கோடு.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்தக் காலத்தில் எல்லா மைதானத்திலும் சுண்ணாம்புதான்.

அந்தக் கோட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஈர மண்ணில் அவ்வளவு வெள்ளை. துணைவேந்தர் உட்காரும்போது அதைப் பார்த்து முதல்வரிடம் என்னவோ சொன்னார். முதல்வர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முப்பத்தெட்டு வருசத்தில் ஒரு முதல்வர் என்னைப் பார்த்துத் தலையாட்டியது அந்த ஒரு தடவைதான்.

முதல் பாதியில் ஒன்றுக்கு ஒன்று. இடைவேளைக்குப் பிறகு தூறல். நம் டீம் இந்தப் பக்கம் அடிக்க வேண்டும். இப்போது ராயப்பன் ஓடுகிறது என் கோட்டின் மேல். முடிய நாலைந்து நிமிசம் இருக்கும்போது பந்து அவனுக்குக் கிடைத்தது. நான் கார்னருக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் மூச்சு எனக்குக் கேட்டது. தடுக்க வந்த பேக் ஒருத்தனை ஏமாற்றினான். இன்னொருத்தன் வந்தான். கொடிக்குப் பக்கத்தில் போய் உள்ளே அடித்தான், அடித்த காலோடு அந்தப் பையன் இவன் காலை வாரினான், இவன் முகம் குப்புற விழுந்து கோட்டின் மேலேயே சறுக்கிக்கொண்டு போனான். உள்ளே துரைப்பாண்டி தலையைக் கொடுத்தான். கோல்.

மைதானம் முழுக்க உள்ளே ஓடிவந்தது. நானும் குதித்தேன். தம்பி, பதினெட்டு வருசம் காத்திருந்த கோல். குதிக்காமல் இருக்க முடியுமா? எல்லாரும் துரைப்பாண்டியைப் பார்த்து ஓடினார்கள். ஒரு ஆள் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினார். ஜோதிலிங்கம் சார். அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். ராயப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டு உருண்டுகொண்டிருந்தான். "எரியுது சார், எரியுது சார்" என்றான்.

அவர் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கெட்டிலில் இருந்த தண்ணீரைக் கண்ணில் ஊற்றினார். அது தீர்ந்துவிட்டது. "தண்ணி, தண்ணி" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் ஷெட்டுக்கு ஓடிக் கையில் கிடைத்த வாளியில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அவர் வாங்கினார். ஊற்றப் போனவர் நின்றுவிட்டார். வாளியின் விளிம்பைப் பார்த்தார். விரலால் தொட்டு, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாளியை ஓரமாக வைத்தார். கவிழ்க்கவில்லை, எறியவில்லை, வைத்தார்.

"மாகாளிண்ணா, கொடத்துல புதுத் தண்ணி கொண்டு வாங்க. ஓடுங்க."

அப்போதும் 'வாங்க' என்றுதான் சொன்னார்.

ஒரு மணி நேரம் ஊற்றியிருப்பார். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜீப்பிலும் ஊற்றிக்கொண்டே போனார். கோப்பையை யார் வாங்கினார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. துரைப்பாண்டியாக இருக்கும். வலது கண் தப்பித்தது. இடது கண்ணில் கருவிழி வெந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ரயில்வேக்காரர் இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவரும் என்ன செய்வார்?

அன்று சாயங்காலம் என் கையெல்லாம் கொப்புளம். பூரணம் தேங்காயெண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாக் பவுடருக்குக் கை கொப்புளிக்காது என்று அவளுக்குத் தெரியும். மறுநாளில் இருந்து அவள் வெற்றிலை போடுவதை விட்டுவிட்டாள். சுண்ணாம்பு டப்பாவை எங்கே வைத்தாள் என்றே தெரியவில்லை. சாகிற வரைக்கும் போடவில்லை. பல் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் முதல்வர் அறையில் விசாரணை. ராயப்பனின் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் ஊரில் இருந்து வந்து வெளியே நின்றார்கள். சத்தம் போடவில்லை, சும்மா நின்றார்கள். உள்ளே முதல்வர், ஜோதிலிங்கம் சார், நான்.

முதல்வர் கேட்டார். "கோட்டுல என்ன போட்ட?"

எனக்குப் பதினெட்டு வருசம் தினக்கூலி. அந்த வருசம்தான் நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. பூரணத்துக்கு அப்போதே மூச்சு இழுக்கும். இதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை, உங்களிடம் சொல்லுகிறேன்.

"மைதானத்துல சார் உத்தரவு இல்லாம நான் எதையும் போடுறதில்லை, ஐயா" என்றேன்.

அது பொய்யா சொல்லுங்கள். பதினெட்டு வருசமாக அப்படித்தான். அந்த ஒரு நாளைத் தவிர.

முதல்வர் அவரைப் பார்த்தார். "நீங்க சொல்லித்தானா?"

என்னை அவர் பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே நின்ற அந்த மூன்று பேரைப் பார்த்தார். பிறகு, "மைதானம் என் பொறுப்புங்க, சார்" என்றார். அவ்வளவுதான்.

மறுத்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். 'நான் வேண்டாம்னு சொன்னேன், இந்த ஆளு கேக்கல.' ஆள் அனுப்பிச் சொன்னதற்குச் சாட்சிகூட இருந்தது. அவர் மறுக்கவில்லை. அது என் தப்பா? சொல்லியிருந்தால் அன்றைக்கே போயிருக்கும். வேலையும் போயிருக்கும், மனசில் கிடக்கிற இதுவும் போயிருக்கும். அதுதான் தம்பி எனக்கு அவர் மேல் உள்ள கோபம். அந்த மனுசர் என்னைத் திட்டவே இல்லை. முப்பத்தாறு வருசமாகத் திட்டவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் கார்டு போடுவார். 'மாகாளிண்ணா, சௌக்கியமா? ராயப்பன் எப்படி இருக்கிறார்? நான் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை.' நானும் எழுதுவேன். 'இங்கு அனைவரும் சௌக்கியம்.'

என் நிரந்தர உத்தரவு ஆனி மாதம் வந்தது. அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஃபைலில் அவர் பரிந்துரைத்து எழுதிய காகிதம் இருந்தது. கிளார்க்கு காட்டினார். தேதி, விசாரணைக்கு மறுநாள். சரி, பயிற்சியாளர்தான் எழுத வேண்டும். அது அவர் வேலை. எழுதினார்.

இப்போது போட்டோவைப் பாருங்கள். விசாரணை முடிந்த பத்தாம் நாள் எடுத்தது. அதற்குள் சார் சொல்லித்தான் சுண்ணாம்பு போட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ராயப்பன் கண்கட்டோடு வந்தான். கேப்டன், சாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். உட்கார மாட்டேன் என்றுவிட்டான். போய்ப் பின் வரிசையில் நின்றான். அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. போட்டோக்காரர், "காலியா இருக்கே" என்றார். நான் வாகைமரத்துப் பக்கம் ஒதுங்கி நின்றேன். ஜோதிலிங்கம் சார் திரும்பிப் பார்த்து, "மாகாளிண்ணாவும் நிக்கட்டுமுங்க. அவருதானுங்க மைதானத்தப் பாத்துக்கிட்டவரு" என்றார். என்னால் முன்னால் போக முடியவில்லை. பின் வரிசையில் கடைசியில் போய் நின்றேன். ராயப்பன் நகர்ந்து எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான். தோளில் கையைப் போட்டான். தெரிகிறதா? அதுதான் அந்தக் கை.

அவன் கடலுக்குத்தான் போனான். கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். வருசத்துக்கு இரண்டு மூன்று தடவை என்னைப் பார்க்க வருவான். மஞ்சள் பையில் கருவாடு கொண்டு வருவான். போன தடவை கொண்டு வந்த பையை நான் துவைத்து வைத்திருப்பேன், அதை எடுத்துக்கொண்டு போவான். இப்படி இரண்டு பை முப்பது வருசத்துக்கு மேலாகப் போய் வந்துகொண்டிருக்கிறது. கிழிந்தால் வேறு பை. ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றிக் காட்டி, "பாருங்கண்ணே, அவிச்ச மீன் கண்ணு மாதிரி ஆயிட்டு. எம் மவ சின்னதுல பயந்துட்டா, இப்ப அவளே மருந்து விடுதா" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சாக் பவுடர்தான் போடணும்னு எங்ககிட்ட அவ்வளவு சொன்ன மனுசன், அன்னைக்கு ஏன் அப்படிச் செஞ்சாரு? பெரிய ஆளுங்க வந்ததும் எல்லாம் மறந்துட்டு, என்னண்ணே?" என்றான்.

டீ ஆறுகிறது என்றேன்.

சொல்லியிருக்கலாம். அவன் கல்யாணத்துக்குப் போனேன். கல்யாண வீட்டில் இதைப் போய்ச் சொல்லுவதா? மகள் நர்ஸ் படிப்பு முடித்த சந்தோசத்தில் மிட்டாயோடு வந்தான்; அன்றைக்குச் சொல்லுவதா? பூரணம் போனபோது முதல் ஆளாக வந்து நின்றான். எங்கள் ஆட்கள் பாடை தூக்கும்போது, "நானும் பிடிக்கேன்" என்று தோள் கொடுத்தான். யாரும் தடுக்கவில்லை. சுடுகாட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் எனக்கு முன்னால் நடந்து போனான். இடது பக்கம் பள்ளம் தெரியாமல் ஒரு தடவை தடுமாறினான். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். துக்க வீட்டில் எப்படிச் சொல்லுவது?

என்னைத் தேடி இந்த வீட்டுக்கு வருகிறவன் இப்போது அவன் ஒருத்தன்தான், தம்பி. பிள்ளை குட்டி எங்களுக்கு இல்லை. அது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ.

ஜோதிலிங்கம் சாருக்கு இப்போது எண்பது வயது இருக்குமா? எண்பத்திரண்டா? பேரன் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் வருகிறாரா? ராயப்பன் வருவானா என்று போனில் முதலில் அதைத்தான் கேட்டாரா?

சரி.

பேனாவை எடுங்கள். பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். அதற்குத்தானே வந்தீர்கள்?

உட்கார்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம். செல்வின், கோல்கீப்பர். சண்முகக்கனி. முதல்வர். ஜோதிலிங்கம், பயிற்சியாளர். அடுத்து காலி நாற்காலி. அதையும் எழுதுங்கள். காலி நாற்காலி, கேப்டனுடையது. கடைசியில் துரைப்பாண்டி, கோப்பை அவன் மடியில் இருக்கிறது.

நிற்பவர்கள். பாக்கியராஜ், மீரான், கிட்டு, முத்துவீரன். பிறகு சேவியர், பச்சைமால், ஆபிரகாம். முத்துவீரனுக்கு 'வீரமுத்து' என்று போட்டுவிடாதீர்கள், கோபப்படுவான். அடுத்து ராயப்பன், கேப்டன், இடது விங். அவனுக்கு அடுத்தது, அவன் கை யார் தோளில் இருக்கிறதோ அந்த ஆள். உச்சிமாகாளி, மார்க்கர். எழுதிவிட்டீர்களா? நிறுத்த வேண்டாம், ஒரு கமா போடுங்கள். இடது பக்கக் கோட்டுச் சுண்ணாம்பு அவருடையது.

அப்படியே எழுதுங்கள். பயிற்சியாளர் வேண்டாம் என்று சொன்னது, அது இது எல்லாம் எழுத வேண்டாம். படிக்கிற ஆயிரம் பேருக்கு ஒன்றும் புரியாது. ஒரு மார்க்கரைப் பற்றி என்னவோ போட்டிருக்கிறார்கள் என்று புரட்டிவிடுவார்கள். ராயப்பனுக்குப் புரியும்.

எங்கே, வாசியுங்கள்.

ம். சரியாக இருக்கிறது.

அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அவனுக்கு அனுப்பிவிடுங்கள். விழாவுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். அந்த நாற்காலியில் அவன் உட்கார வேண்டும், சாருக்குப் பக்கத்தில். எனக்கு முன் வரிசையில் இடம் வைக்க வேண்டாம். எனக்கு அன்றைக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியிருக்கிறது.

போகும்போது அந்த ஆணியில் தொங்குகிற மஞ்சள் பையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலரோடு சேர்த்து அவனுக்கு அனுப்பிவிடுங்கள். துவைத்துத்தான் வைத்திருக்கிறேன்.